வீட்டு வைஃபையை ராடாராக்கி ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடிப்பது: முழுமையான வழிகாட்டி

பூட்டிய வீட்டுக்குள் யாராவது நடமாடுகிறார்களா என்பதைக் கேமரா இல்லாமல் தெரிந்துகொள்ள முடியும். ரூட்டரிலிருந்து வரும் சிக்னல் சுவரிலும் பீரோவிலும் மனித உடம்பிலும் பட்டுத் திரும்பித்தான் நாம் வைக்கும் ஒரு சின்ன வைஃபை மின்னணுப் போர்டை வந்தடைகிறது. ஆள் அசைந்தால் அந்தச் சிக்னலின் வடிவமும் அசையும். அந்த அசைவைப் படிப்பதுதான் நம் வேலை.

இதை என் வீட்டில் அமைத்தேன். அப்புறம் தெரிந்தவர்கள் சிலர் அமைக்கும்போது கூட இருந்து பார்த்தேன். எல்லோரும் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். போர்டை எங்கே வைப்பது, காலி வீட்டை எப்படிப் பதிவு செய்வது என்ற இரண்டையும் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு நேரே மெஷின் லேர்னிங்குக்கு ஓடிவிடுகிறார்கள். இங்கே ஒரு மாதிரியைக்கூடப் பயிற்றுவிக்கப் போவதில்லை. நல்ல இடமும் பொறுமையான பதிவும் இருந்தால் சாதாரணக் கணக்கே போதும்.

1. முதலில் கேள்வியைக் குறுக்குங்கள்

நாம் கேட்கப்போகும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: யாரும் இருக்கக்கூடாத நேரத்தில் உள்ளே ஏதாவது ஆள் அளவுக்கு அசைகிறதா? எத்தனை பேர், யார், எந்த மூலையில் என்பதெல்லாம் வேண்டாம்.

காரணம் எளிய கணக்கு. ஒளியின் வேகம் நொடிக்கு சுமார் 30 கோடி மீட்டர். நாம் பயன்படுத்தும் வைஃபை சேனலின், அதாவது அலைவரிசையின், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ், அதாவது 2 கோடி ஹெர்ட்ஸ். வகுத்தால் 15 மீட்டர். சிக்னல் வந்த இரண்டு பாதைகளின் நீளம் அதைவிடக் குறைவாக வேறுபட்டால் அவற்றைத் தூரத்தை வைத்துப் பிரிப்பது கடினம். நம் ஹாலே அவ்வளவு நீளம் இருக்காது. அதனால் ஆள் எங்கே என்பதை விட்டுவிட்டு, அசைவு உண்டா என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

இன்னொன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிக்னல் சுவரைத் தாண்டும். பக்கத்து வீட்டு நடமாட்டமும் ஓரளவுக்குத் தெரியும். அதைப் பார்க்க முயலாதீர்கள், தெரியாதபடி அமையுங்கள். உங்கள் வீட்டில் குடியிருப்பவர்கள், வேலைக்கு வருபவர்கள், எல்லோருக்கும் இப்படி ஒன்று ஓடுகிறது என்று சொல்லிவிடுங்கள்.

2. என்னென்ன வேண்டும்

இஎஸ்பி32 என்ற, வைஃபை வசதியுள்ள சின்ன போர்டு இரண்டு. ஒன்று போதும், ஆனால் சோதிக்கும்போது மாற்றிப் பார்க்க இரண்டாவது உதவும். ஆண்டெனாவைத் தனியாக மாட்டும் வகை கிடைத்தால் இன்னும் நல்லது, போர்டை ஒளித்துவைத்து ஆண்டெனாவை மட்டும் வெளியே விடலாம். ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரிலும் நெக்ஸ்மான் என்ற மாற்று ஃபர்ம்வேர் (வைஃபை சிப்புக்குள் ஓடும் மென்பொருள்) கொண்டு இதைச் செய்யலாம். முதல் தடவை செய்பவருக்கு இஎஸ்பி32 தான் சுலபம்.

டேட்டா போகும் யுஎஸ்பி கேபிள். சார்ஜ் மட்டும் ஏறும் கேபிளைச் செருகிவிட்டு, போர்டு கெட்டுப்போச்சு என்று முடிவு கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் போர்டு தெரியவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றுங்கள், அடுத்து, போர்டை யுஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் சீரியல் சிப்பின் டிரைவரைப் பாருங்கள். பெரும்பாலும் சிபி2102 அல்லது சிஎச்340 ஆக இருக்கும்.

இவற்றோடு, எப்போதும் ஓடக்கூடிய ஒரு பழைய லேப்டாப் அல்லது ராஸ்பெர்ரி பை, ரூட்டருக்கும் அதற்கும் சேர்த்து ஒரு சின்ன யுபிஎஸ், அளவு நாடா, ஒரு நோட்டுப் புத்தகம். நோட்டு கட்டாயம். எத்தனை மணிக்கு யார் எங்கே நடந்தார்கள் என்பதை எழுதிவைக்காத பதிவு பிறகு எதற்கும் உதவாது.

3. கோட்டைத் தேர்ந்தெடுப்பது

இதற்கு ஒரு முழு நாள் கொடுங்கள். ரூட்டருக்கும் போர்டுக்கும் நடுவில் ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டைச் சுற்றி, நடுவில் பருத்து இரண்டு முனையிலும் கூம்பிய பகுதி ஒன்று உண்டு. சிக்னலின் பெரும்பகுதி அதன் வழியாகத்தான் வருகிறது. ஃப்ரெனல் மண்டலம் என்பார்கள். 6-ஆம் சேனலில் அலைநீளம் சுமார் 12.3 செ.மீ. ரூட்டரும் போர்டும் 6 மீட்டர் தள்ளி இருந்தால் அந்தப் பகுதியின் ஆரம் நடுவில் சுமார் 43 செ.மீ. ஒரு ஆள் அதற்குள் நுழைந்தால் சிக்னல் நன்றாகவே ஆடும். விலகிப் போகப் போக ஆட்டம் குறையும்.

ஆகவே, திருடன் எப்படியும் கடந்தே ஆகவேண்டிய இடத்தின் குறுக்கே கோடு போக வேண்டும். வாசல் கதவிலிருந்து உள்ளறைக்குப் போகும் வழி, பின்கதவிலிருந்து சமையலறை தாண்டி வரும் வழி. வீட்டின் படத்தைத் தாளில் வரைந்து நடைபாதைகளை ஒரு நிறத்தில் போடுங்கள். ரூட்டர் இருக்கும் இடத்திலிருந்து எந்தப் புள்ளிக்குக் கோடு இழுத்தால் அந்தப் பாதைகளைக் குறுக்காக வெட்டும் என்று பாருங்கள்.

குறுக்காக என்பதை அழுத்திச் சொல்கிறேன். கோட்டுக்கு இணையாக ஒருவர் நடந்தால் சிக்னல் பயணிக்கும் மொத்தத் தூரம் அவ்வளவாக மாறாது, அதனால் ஆட்டமும் குறைவு. குறுக்கே கடந்தால் பாதையின் நீளம் வேகமாக மாறும்.

உயரம் இடுப்பளவு. பலரும் ரூட்டரைப் பரணுக்குப் பக்கத்தில் மாட்டி, போர்டையும் அலமாரி உச்சியில் வைத்துவிடுகிறார்கள். கோடு தலைக்கு மேலே போய்விடுகிறது. அங்கே அசைவது மின்விசிறி மட்டும்தான்.

மின்விசிறியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மூன்று இறக்கை கொண்ட விசிறி நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றினால், நொடிக்கு 15 தடவை ஒரு இறக்கை கடக்கும். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நடக்கும் ஆள் இந்த அலைநீளத்தில் அதிகபட்சம் சுமார் 16 ஹெர்ட்ஸ் அளவுக்கு டாப்ளர் மாற்றத்தை, அதாவது அசைவால் வரும் அதிர்வெண் மாற்றத்தை, உண்டாக்குவார். இரண்டும் ஒரே பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. விசிறியை வடிகட்டி எறியலாம் என்று கிளம்பினால் ஆளையும் சேர்த்து எறிந்துவிடுவோம். வெளியே போகும்போது விசிறியை நிறுத்திவிட்டுப் போவதே சரியான வடிகட்டி.

பீரோ, ஃப்ரிட்ஜ், இரும்புக் கதவு போன்றவை கோட்டின் நடுவில் வேண்டாம். உலோகத்துக்குப் பின்னால் போர்டை வைத்தால் சிக்னல் சுற்றி வளைந்துதான் வரும், எந்த வழியாக வருகிறது என்றே தெரியாது. ஜன்னல் திரைச்சீலையும் கோட்டுக்கு அருகில் இருக்கக் கூடாது. காற்றில் ஆடும் திரை சில நேரம் ஆள் மாதிரியே தெரியும்.

4. ரூட்டரைக் கட்டிப்போடுங்கள்

ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் மூன்று மாற்றம் வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனலைத் தானியங்கியிலிருந்து எடுத்து 1, 6, 11 இவற்றில் நெரிசல் குறைந்த ஒன்றில் நிறுத்துங்கள். அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்குங்கள். 2.4-க்கும் 5-க்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் பெயரைப் பிரியுங்கள்.

சேனல் மாறினால் அலைநீளம் மாறும், எதிரொலிகள் சேரும் விதமும் மாறும். நீங்கள் பாடுபட்டு எடுத்த காலி வீட்டுப் பதிவு ஒரே நொடியில் செல்லாததாகிவிடும். அதற்காகத்தான் இந்தக் கட்டுப்பாடு.

இதெல்லாம் ஆனபின் ரூட்டரின் இடத்தைத் தரையிலோ சுவரிலோ டேப் ஒட்டிக் குறித்துவையுங்கள். ஆண்டெனாவின் சாய்வையும் போட்டோ எடுத்துவையுங்கள். தூசி தட்டும்போது ஆண்டெனா கொஞ்சம் திரும்பினாலே வடிவம் மாறிவிடும்.

5. நிரலை ஏற்றி, பாக்கெட்டை எண்ணுங்கள்

போர்டைத் தயாரிக்கும் எஸ்ப்ரெசிஃப் நிறுவனமே இதற்கான எடுத்துக்காட்டு நிரல்களை இஎஸ்பி-சிஎஸ்ஐ என்ற பெயரில் வெளிப்படையாக வைத்திருக்கிறது. அதில் ரூட்டரோடு இணைந்து வேலை செய்யும் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். போர்டு ரூட்டருக்கு நொடிக்கு 100 பிங் (பதில் கேட்கும் சின்னச் செய்தி) அனுப்பும், திரும்பி வரும் ஒவ்வொரு பதிலிலிருந்தும் சிக்னலின் வடிவத்தை எடுத்து யுஎஸ்பி கேபிளில் ஓடும் சீரியல் இணைப்பு வழியாக லேப்டாப்புக்குத் தள்ளும். அந்த வடிவத் தகவலுக்குத்தான் சிஎஸ்ஐ என்று பெயர்.

இங்கே ஒரு கேள்வி வரும். ரூட்டர்தான் சும்மாவே நொடிக்குப் பத்து தடவைபோல பீக்கன், அதாவது தான் இருப்பதை அறிவிக்கும் செய்தி, அனுப்புகிறதே, அதை மட்டும் கேட்டால் போதாதா? போதாது. 2.4-இல் பீக்கன் பெரும்பாலும் பழைய 1 எம்பிபிஎஸ் முறையில் போகிறது. சிஎஸ்ஐ எடுப்பதற்கான பயிற்சிக் குறியீடு அந்த முறையில் கிடையாது. பீக்கனுக்காகக் காத்திருந்து, ஒன்றுமே வரவில்லை என்று இரவெல்லாம் நிரலைக் குடைந்தவர்கள் உண்டு. பிங் பதில் புதிய முறையில் வரும், அதில் கிடைக்கும். ஆக, நாம் கொஞ்சம் தட்டிக்கொடுத்து ரூட்டரைப் பேசவைக்கிறோம். வீட்டுக்கு வெளிச்சம் போடுவது ரூட்டர்தான்.

நிரலின் அமைப்புகளை மாற்றும் மெனுகான்ஃபிக்கில் வைஃபை பகுதிக்குள் சிஎஸ்ஐ செயல்படுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சீரியல் வேகத்தை 921600 ஆக்குங்கள். 115200-இல் விட்டால் நொடிக்கு சுமார் 11,500 எழுத்துதான் போகும். ஒரு பாக்கெட்டின் வரி 128 எண்களோடும் மற்ற விவரங்களோடும் சுமார் 500 எழுத்து வரும். நொடிக்கு இருபத்துச் சொச்சம் வரிகளிலேயே குழாய் அடைத்துக்கொள்ளும்.

அடுத்து, போர்டின் வைஃபை மின்சிக்கனத்தை அணைத்துவிடுங்கள். அது இயங்கினால் பாக்கெட்டுகள் கும்பல் கும்பலாக வரும், நடுவில் வெறுமை இருக்கும்.

வேறு எதையும் தொடுவதற்கு முன் பத்து நிமிடம் ஓடவிட்டு, நொடிக்கு எத்தனை பாக்கெட் வருகிறது என்று மட்டும் எண்ணுங்கள். 80-லிருந்து 100 வரை சீராக வந்தால் சரி. 16 ஹெர்ட்ஸ் அசைவைப் பிடிக்க நொடிக்கு 32-க்கு மேல் வேண்டும் என்பதால் அதற்குக் கீழே இறங்கவே கூடாது. சில ரூட்டர்கள் பிங் வெள்ளத்தைத் தாக்குதல் என்று நினைத்து மட்டுப்படுத்தும். அப்படியானால் இரண்டாவது போர்டை அனுப்புநராக வைத்து, ரூட்டர் இல்லாமல் போர்டுகள் நேரடியாகப் பேசிக்கொள்ளும் இஎஸ்பி-நவ் முறையில் அனுப்பும் எடுத்துக்காட்டுக்கு மாறுங்கள்.

6. கணக்குப் போடும் முன் கண்ணால் பாருங்கள்

அந்தத் தொகுப்போடு வரும் பைத்தான் நிரலில் அலைகள் வரைபடமாக ஓடும். ஐந்து நிமிடம் யாரும் அசையாமல் இருங்கள். ஒருவர் கோட்டைக் குறுக்கே கடக்கட்டும். திரும்பி வரட்டும். நடுவில் நின்று கையை மட்டும் ஆட்டட்டும். ஒவ்வொன்றுக்கும் மணியை நோட்டில் எழுதுங்கள்.

அமைதியில் வரைபடத்தின் கோடுகள் கிட்டத்தட்ட படுத்திருக்கும். ஆள் கடக்கும்போது சில கோடுகள் எழும், சில விழும், கடந்தபின் பழையபடி அடங்கும். கண்ணுக்கே இந்த வித்தியாசம் தெரியவில்லை என்றால் எந்தக் கணக்கும் அதைக் கண்டுபிடித்துத் தராது. மூன்றாம் படிக்குத் திரும்பிப் போய் இடத்தை மாற்றுங்கள். இந்தச் சுற்றை நான் நான்கு தடவை போக வேண்டியிருந்தது. கடைசியில் போர்டு போய் உட்கார்ந்த இடம் செருப்பு ஸ்டாண்டின் நடுத்தட்டு.

7. அத்தனை எண்ணையும் ஒரே எண்ணாக்குவது

128 எண்கள் என்பது 64 சப்கேரியர்கள் (சேனலைப் பிரித்த சின்னச் சின்ன அலைவரிசைகள்), ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண். இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் வீச்சு, அதாவது அந்த அலையின் வலிமை, கிடைக்கும். கட்டத்தை (ஃபேஸ், அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது) தொடாதீர்கள். அனுப்புபவரின் கடிகாரமும் வாங்குபவரின் கடிகாரமும் ஒத்துப்போகாததால் ஒற்றை ஆண்டெனாவில் கட்டம் பாக்கெட்டுக்குப் பாக்கெட் தாறுமாறாகக் குதிக்கும்.

64-இல் 52-தான் உண்மையில் எதையாவது சுமந்து வருகின்றன. பழைய இஎஸ்பி32-இல் வரிசை பூஜ்யத்தில் தொடங்குகிறது என்று கொண்டால், 0-உம் 27-லிருந்து 37 வரையும் வெற்றிடங்கள். முதல் நான்கு பைட்டுகள் செல்லாது என்று போர்டே சொல்லும் நேரங்களும் உண்டு, அதனால் 1-ஐயும் தூக்கிவிடுங்கள். மீதி 51. புதிய போர்டுகளில் வரிசை வேறுபடலாம், உங்கள் சிப்புக்கான விவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெற்றிடங்களைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் வெறும் இரைச்சல்தான் சேரும்.

அடுத்தது முக்கியமான படி. ஒவ்வொரு பாக்கெட்டிலும் 51 வீச்சுகளின் சராசரியை எடுத்து, எல்லாவற்றையும் அதனால் வகுங்கள். வாங்கும் சிப் சிக்னலைப் பெருக்கும் அளவைத் தானே ஏற்றி இறக்கிக்கொள்ளும். அப்போது எல்லாக் கோடுகளும் சேர்ந்து குதிக்கும். பார்ப்பதற்கு ஆள் வந்தது போலவே இருக்கும். வகுத்துவிட்டால் அந்தக் குதிப்பு மறைந்து வடிவம் மட்டும் நிற்கும். இந்தப் படியை விட்டவர்கள்தான் பொய் எச்சரிக்கை தாங்காமல் பாதியில் கைவிடுகிறார்கள்.

இப்போது ஒரு நொடிக்கான பாக்கெட்டுகளை எடுத்து, ஒவ்வொரு சப்கேரியருக்கும் திட்ட விலக்கத்தை, அதாவது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதை, கணக்கிடுங்கள். 51 விலக்கங்களையும் வரிசைப்படுத்தி நடுவில் வருவதை எடுங்கள். இதுதான் அந்த நொடியின் அசைவு எண். சராசரிக்குப் பதில் நடு எண்ணை எடுப்பதற்குக் காரணம், ஓரிரு சப்கேரியர்கள் பக்கத்து வீட்டு வைஃபையால் கலங்கினாலும் நடு எண் அசையாது.

8. காலி வீட்டைப் பதிவு செய்யுங்கள்

குறைந்தது இரண்டு முழு நாள். அதில் ஒன்று ஞாயிற்றுக்கிழமையாக இருப்பது நல்லது. நீங்கள் ஊருக்குப் போகும்போது வீடு எந்த நிலையில் இருக்குமோ அதே நிலை: விசிறி நின்றிருக்க, ஜன்னல் சாத்தியிருக்க, திரை கட்டியிருக்க.

பகலில் இரண்டு மணி நேரம் எடுத்தால் போதுமே என்று தோன்றும். அந்த இரண்டு மணி நேரத்தில் தண்ணீர் மோட்டார் ஓடியிருக்காது, மாடி வீட்டுக்காரர்கள் வீட்டில் இருந்திருக்க மாட்டார்கள், அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் படம் பார்க்கும் இரவு ஒன்பது மணி வந்திருக்காது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் தடவை ஊருக்குப் போன இரவு, அதிகாலை மூன்றரைக்கு எச்சரிக்கை வந்தது. நிற்கவே இல்லை. பக்கத்து வீட்டு அண்ணனிடம் சாவி கொடுத்து வைத்திருந்ததால் அவரை எழுப்பிப் பார்க்கச் சொன்னேன். அவர் டார்ச் அடித்துக்கொண்டே போய்ப் பார்த்துவிட்டு, "யாரும் இல்லப்பா, ஃபேன்தான் சுத்துது" என்றார். நான் கிளம்பும் நேரத்தில் கரண்ட் இல்லை. விசிறி நின்றிருந்தது, சுவிட்ச் மட்டும் போட்டபடி இருந்திருக்கிறது. ராத்திரி கரண்ட் வந்ததும் அது பாட்டுக்குச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. அன்றிலிருந்து கிளம்பும்போது விசிறி நிற்கிறதா என்று பார்ப்பதில்லை, சுவிட்சைத் தொட்டுப் பார்க்கிறேன்.

9. எல்லை அளவை வைப்பது

நொடிக்கு ஒரு அசைவு எண் என்றால் ஒரு நாளுக்கு 86,400. ஆயிரத்தில் ஒன்று தவறினால் பரவாயில்லை என்று எல்லை வைத்தால், நாளைக்கு 86 பொய் எச்சரிக்கை வரும். மூன்றாம் நாள் நீங்களே அறிவிப்பை அணைத்துவிடுவீர்கள்.

அதனால் இரண்டு கட்டமாகச் செய்யுங்கள். காலி வீட்டுப் பதிவில் மிக உயர்ந்த நூறு நொடிகளை எடுத்து ஒவ்வொன்றும் எந்த மணிக்கு வந்தது என்று பாருங்கள். காரணம் தெரிந்தவற்றைச் சரிசெய்யுங்கள், திரையைக் கட்டுவது, மைக்ரோவேவ் பக்கத்திலிருந்து போர்டைத் தள்ளிவைப்பது போல. சரிசெய்தபின் மறுபடி பதிவு எடுத்து, ஆயிரத்தில் ஒரு நொடி தாண்டும் அளவை எல்லையாக வையுங்கள்.

அப்புறம், தொடர்ந்து வரும் 5 நொடிகளில் 3 நொடியாவது எல்லையைத் தாண்டினால்தான் எச்சரிக்கை என்று விதி போடுங்கள். ஒற்றை நொடி இரைச்சல் இதில் அடிபட்டுப் போகும். வீட்டுக்குள் நுழைந்தவர் மூன்று நொடிக்குள் வேலையை முடித்துவிட்டுப் போக மாட்டார்.

எச்சரிக்கை ஒருமுறை வந்தால் நீங்கள் அணைக்கும்வரை நிற்க வேண்டும். ஆள் அசையாமல் நின்றுவிட்டால் அசைவு எண் இறங்கிவிடும், அதைப் பார்த்து ஆள் போய்விட்டார் என்று நிரல் முடிவு செய்யக் கூடாது.

10. நடந்து சோதியுங்கள்

வாசல் வழியாகச் சாதாரண நடை, பின்வாசல் வழியாக மெதுவான நடை, சுவரை ஒட்டிய நடை, தவழ்ந்து போவது. ஒவ்வொன்றையும் பத்து தடவை, வெவ்வேறு ஆட்கள். சின்னப் பிள்ளைகளையும் நடக்கச் சொல்லுங்கள், அவர்களுக்குப் பிடித்த வேலை இது.

தவழ்வது தப்பிப்போவது சகஜம். அதற்காக எல்லையைக் குறைத்தால் பொய் எச்சரிக்கை கூடும். இரண்டாவது போர்டை இன்னொரு கோட்டில், முழங்கால் உயரத்தில் வைப்பதுதான் சரியான தீர்வு. பூனையோ நாயோ உள்ளேயே இருக்கும் வீடு என்றால் இந்த முறை உங்களுக்கு ஒத்துவராது.

11. எச்சரிக்கையும் மௌனமும்

டெலிகிராம் பாட் வழியாகச் செய்தி அனுப்புவது எளிது. வீட்டுச் சாதனங்களை ஒரே இடத்தில் கட்டுப்படுத்தும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளை ஏற்கனவே வைத்திருந்தால், சாதனங்கள் செய்தி பரிமாறும் எம்க்யூடிடி முறை வழியாக அதில் சேர்த்துக்கொள்ளலாம். இதில் பெரிய சிரமம் இல்லை.

சிரமம் மௌனத்தில் இருக்கிறது. கரண்ட் போனாலும், ரூட்டர் தொங்கினாலும், வேண்டுமென்றே யாராவது வைஃபையைக் கலைத்துப் போர்டைத் துண்டித்தாலும், அசைவு எண் வராது. எண் வரவில்லை என்பதை அசைவு இல்லை என்று நிரல் எடுத்துக்கொண்டால் காவலே போச்சு. பத்து நொடிக்குப் பாக்கெட் வரவில்லை என்றால் அதற்கென்று வேறு ஒரு எச்சரிக்கை போக வேண்டும்.

வீட்டின் இணையமே அறுந்துவிட்டால் அந்தச் செய்தியும் வெளியே வராது. எனவே நிமிடத்துக்கு ஒருமுறை "இருக்கிறேன்" என்ற செய்தியை வெளியே உள்ள ஒரு சர்வருக்கு அனுப்புங்கள். ஐந்து நிமிடம் வராவிட்டால் அந்த சர்வர் உங்களை எழுப்பட்டும்.

இதைப் பூட்டுக்கும் கதவு சென்சாருக்கும் மேலே ஒரு அடுக்காக வையுங்கள், அவற்றை எடுத்துவிட்டு வைக்காதீர்கள். பதிவுகளைத் திறந்த இணையப் பக்கத்தில் போடாதீர்கள். வீடு எப்போதெல்லாம் காலியாக இருக்கிறது என்று அந்தக் கோப்பைப் படித்தாலே தெரிந்துவிடும்.

12. அமைத்த பிறகு

சோபாவை நகர்த்தினாலும் புது பீரோ வந்தாலும் எட்டாம் படியிலிருந்து மறுபடி செய்யுங்கள். ரூட்டரின் ஃபர்ம்வேர் தானாகப் புதுப்பிக்கப்பட்டால் சேனல் பழையபடி தானியங்கிக்குப் போயிருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லை அளவைத் தினமும் தானாக மாற்றிக்கொள்ளும்படி எழுதும் ஆசை வரும். நான் அதைச் செய்து பார்த்துவிட்டு எடுத்துவிட்டேன். உள்ளே ஆள் நடமாடிக்கொண்டே இருந்தால் அதையும் சேர்த்து இயல்பு என்று அது கற்றுக்கொள்ளும். மாதம் ஒருமுறை, வீடு காலியாக இருக்கும் ஒரு நாளில் நானே பதிவு எடுத்து, பழைய எல்லையோடு ஒப்பிட்டு, நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொள்கிறேன்.